போனை மாற்றும்போது கம்பெனியையும் மாற்றலாமா?

"பத்து வருஷமாக நான் சாம்சங்தான் வைத்திருக்கிறேன். இப்போது வேறு கம்பெனிக்குப் போகலாமா?"

இன்று பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. பழைய போன் சூடாகிறது. காலையில் சார்ஜ் போட்டால் மத்தியானமே படுத்துவிடுகிறது. "ஒன்பிளஸ் வாங்குங்கள் அப்பா" என்கிறான் மகன். "இல்லை, பிக்சல்தான் படம் நன்றாக எடுக்கும்" என்கிறாள் மகள். "எதையாவது வாங்குங்கள். பணத்தைக் கொட்டிவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள்!" என்கிறாள் அம்மா.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 80 ஆயிரம் ரூபாய் என்பது சின்னத் தொகையா? பல குடும்பங்களுக்கு அது மூன்று, நான்கு மாதச் சம்பளம். அந்தப் பணத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்!

அவ்வளவு பணம் போட்டு வாங்குகிற பொருளை விளம்பரத்தைப் பார்த்து வாங்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்று வாங்கலாமா? கூடாது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கொடி பறக்கும் கப்பல்

கடற்படைத் தளபதி எந்தக் கப்பலில் இருக்கிறாரோ, அந்தக் கப்பலில்தான் அவருடைய கொடி பறக்கும். அதற்கு "பிளாக்‌ஷிப்" என்று பெயர். ஒரு கம்பெனி செய்யும் போன்களில் எது எல்லாவற்றிலும் சிறந்ததோ, அதற்கும் இப்போது அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். நாம் "முதல் தரப் போன்" என்று சொல்லிக்கொள்வோம்.

ஆண்ட்ராய்டு என்பது போனின் பெயர் அல்ல. போனுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளின் பெயர். அதைத் தொடங்கிய சிறு கம்பெனியை 2005-இல் கூகுள் வாங்கியது. 2008-இல் எச்.டி.சி. என்ற தைவான் கம்பெனி முதல் ஆண்ட்ராய்டு போனைச் செய்து கொடுத்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2013-இல் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பு ஏற்றார். 2015-இல் கூகுளுக்கே தலைமை அதிகாரி ஆனார்.

சாம்சங் போனிலும் ஆண்ட்ராய்டுதான். ஒன்பிளஸிலும் ஆண்ட்ராய்டுதான். கூகுள் தன் சொந்தப் பெயரில் விற்கும் பிக்சலிலும் அதுதான். ஆகவே, கம்பெனி மாறினால் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். வீடு மாறுகிறது. தெரு அதேதான்!

கருவாடு விற்ற கம்பெனி

"சாம்சங் பெரிய கம்பெனி. அது கைவிடாது" என்று சிலர் சொல்வார்கள். பெரிய கம்பெனிதான். ஆனால் அது எப்படித் தொடங்கியது தெரியுமா?

1938-இல் கொரியாவில் டேகு என்ற ஊரில் லீ பியுங் சுல் என்பவர் ஒரு வியாபாரம் ஆரம்பித்தார். காய்கறி, உலர்ந்த மீன், நூடுல்ஸ் இவைதான் சரக்கு. அதாவது கருவாட்டு வியாபாரம்! "சாம்சங்" என்றால் கொரிய மொழியில் மூன்று நட்சத்திரம் என்று பொருள். அந்தக் கடைதான் பிறகு டெலிவிஷன் செய்தது, சிப் செய்தது, போனும் செய்தது.

அப்படிப்பட்ட கம்பெனிக்கும் சறுக்கல் வந்தது. 2016 ஆகஸ்டில் "கேலக்ஸி நோட் 7" என்ற முதல் தரப் போனை அது வெளியிட்டது. சில நாள்களிலேயே, சார்ஜ் போடும்போது போன் தீப்பிடித்தது என்று புகார்கள் குவிந்தன. சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றுப் போன் கொடுத்தார்கள். அதுவும் தீப்பிடித்தது! விமானத்தில் அந்தப் போனைக் கொண்டுபோகவே அமெரிக்காவில் தடை போட்டார்கள். அக்டோபரில் அந்தப் போன் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். பேட்டரியில்தான் கோளாறு என்று 2017 ஜனவரியில் சாம்சங்கே விளக்கம் சொன்னது.

அதோடு சாம்சங் ஒழிந்ததா? இல்லை. அடுத்து "எஸ் 8" வந்தது. ஜனங்கள் வாங்கினார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. அதுவும் கொரியக் கம்பெனிதான். எல்.ஜி.! நல்ல நல்ல போன்கள் செய்தது. ஆனால் நஷ்டம் மேல் நஷ்டம். 2021-இல் போன் வியாபாரத்துக்கே முழுக்குப் போட்டது. 2025 ஜூன் மாதத்தோடு அதன் போன்களுக்கு மென்பொருள் கொடுப்பதையும் முடித்துக்கொண்டது. எல்.ஜி.யை விட்டு நகரமாட்டேன் என்று இருந்தவர்களும் நகர வேண்டியதாயிற்று.

கம்பெனியின் மேல் பாசம் வைப்பதற்கு இவ்வளவுதான் மரியாதை. அது நமக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.

மூன்று போன்கள்

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று போன்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நம் நாட்டுக்கு வந்தவை. மூன்றிலும் 256 ஜி.பி. இடம் உண்டு.

கூகுளின் பிக்சல் 9: 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. விலை 79,999 ரூபாய். சாம்சங் கேலக்ஸி எஸ் 25: 2025 ஜனவரியில் வந்தது. விலை 80,999 ரூபாய். ஒன்பிளஸ் 13: அதே ஜனவரியில் வந்தது. விலை 69,999 ரூபாய். இவை வெளிவந்த நாளின் விலைகள். பிறகு பண்டிகைத் தள்ளுபடியில் இறங்கின.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது எடை. எஸ் 25 வெறும் 162 கிராம். சட்டைப் பையில் போட்டால் பை தொங்காது. பிக்சல் 198 கிராம். ஒன்பிளஸ் 210 கிராமுக்குக் குறையாது. ஆனால் அதன் திரை பெரிது. 6.8 அங்குலம்! எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் தாத்தாவுக்கு அதுதான் வசதி. எஸ் 25-இன் திரை 6.2 அங்குலம். பிக்சலின் திரை 6.3 அங்குலம்.

அடுத்து பேட்டரி. தண்ணீர்த் தொட்டியை லிட்டரில் அளக்கிறோம் அல்லவா? பேட்டரியை "எம்.ஏ.எச்." என்ற கணக்கில் அளக்கிறார்கள். எஸ் 25-இல் 4,000. பிக்சல் 9-இல் 4,700. ஒன்பிளஸ் 13-இல் 6,000! சாம்சங்கின் தொட்டியைவிட ஒன்பிளஸின் தொட்டி ஒன்றரை மடங்கு பெரிது. சார்ஜ் ஏறுவதும் அதில் வேகம். முக்கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். மற்ற இரண்டுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இன்னொரு விஷயம்: ஒன்பிளஸ் பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறது. மற்ற இரண்டிலும் வயர் மட்டும்தான். சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். 80 ஆயிரம் வாங்கிக்கொண்டு சார்ஜருக்குத் தனிக் காசா என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சாம்சங்கிலும் ஒன்பிளஸிலும் இருப்பது "ஸ்னாப்டிராகன் 8 எலைட்" என்ற சிப். பிக்சலில் கூகுளின் சொந்தச் சிப்பான "டென்சர் ஜி 4". பரீட்சை வைத்தால் டென்சர் பின்தங்கும். ஆனால் வாட்ஸ்அப், படம், பேங்க் வேலை இவற்றில் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. மணிக்கணக்கில் கேம் ஆடுகிற பிள்ளை இருந்தால் மட்டும் பிக்சலைத் தவிருங்கள்.

பத்தாவது வரிசையில் இருந்து படம்

"50 மெகாபிக்சல் சார்! 200 மெகாபிக்சல் சார்!" என்று கடையில் சொல்வார்கள். மெகாபிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் கணக்கு. பத்து லட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். ஆனால் 50 மெகாபிக்சல் கேமராக்கள் சாதாரணமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் படம் தருகின்றன. கடைசியில் கைக்கு வருவது பன்னிரண்டு சொச்சம்தான்! அப்படிச் சேர்த்தால்தான் மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும். ஆகவே எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பின் என்னத்தைப் பார்ப்பது? உங்கள் மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடுகிறாள். நீங்கள் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கிருந்து அவள் முகம் தெரிய வேண்டும். அதற்குத் தூரத்தை இழுக்கும் தனி லென்ஸ் வேண்டும். எஸ் 25-இலும் ஒன்பிளஸ் 13-இலும் மூன்று மடங்கு இழுக்கும் லென்ஸ் உண்டு. பிக்சல் 9-இல் அது இல்லை! படம் எடுப்பதில் பெயர் பெற்ற கூகுள், 80 ஆயிரம் ரூபாய்ப் போனில் அதை வைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த பிக்சல் 10-இல்தான் வைத்தது. விலையை ஏற்றவில்லை. அதே 79,999 ரூபாய்தான்.

ஆனால் கிட்டத்தில் நிற்கும் குழந்தையின் முகத்தைப் பிக்சல் எடுப்பதுபோல இயல்பாக மற்ற இரண்டும் எடுப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். சாம்சங் எடுத்தால் வானம் கூடுதலாக நீலமாகிறது. புடவையின் சிவப்பும் கூடுகிறது. சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. கடையில் நின்று, உங்களோடு வந்தவரின் முகத்தை மூன்றிலும் எடுத்துப் பாருங்கள். காசா, பணமா?

32 ரூபாய்க் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். போனுக்கு ஆயுள் எத்தனை வருஷம்?

போன் உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. திருடர்கள் புதுப் புது வழிகளில் போனுக்குள் நுழையப் பார்க்கிறார்கள். அந்த வழிகளை அடைக்கும் மென்பொருளைக் கம்பெனி அவ்வப்போது அனுப்ப வேண்டும். அது நின்றுவிட்டால், பூட்டு இல்லாத கதவுதான். பேங்க் கணக்கு உள்ள போனில் அது ஆபத்து.

2023 அக்டோபரில் பிக்சல் 8 வந்தபோது கூகுள், "7 ஆண்டு அனுப்புவோம்" என்று வாக்குக் கொடுத்தது. 2024 ஜனவரியில் எஸ் 24-க்குச் சாம்சங்கும் அதே வாக்கைக் கொடுத்தது. பிக்சல் 9-க்கும் எஸ் 25-க்கும் அதே 7 ஆண்டு உண்டு. ஒன்பிளஸ் 13-க்குப் பாதுகாப்பு மென்பொருள் 6 ஆண்டு. புது ஆண்ட்ராய்டு 4 முறைதான்.

இனி வகுத்துப் பாருங்கள். சாம்சங்: 80,999-ஐ 7-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 11,571 ரூபாய். பிக்சல்: ஆண்டுக்கு 11,428 ரூபாய். ஒன்பிளஸ்: 69,999-ஐ 6-ஆல் வகுத்தால் 11,666 ரூபாய். பார்த்தீர்களா? பத்தாயிரம் ரூபாய் மலிவு என்று நினைத்த போன், ஆண்டுக் கணக்கில் மலிவே இல்லை! நாள் ஒன்றுக்கு மூன்றுமே 31, 32 ரூபாய்தான். டீக்கடையில் இரண்டு டீ குடிக்கிற காசு.

ஆனால் இந்தக் கணக்கு, போனை ஏழு வருஷமும் வைத்திருப்பவருக்குத்தான். மூன்று வருஷத்தில் மாற்றுகிறவருக்கு ஏழு ஆண்டு வாக்கால் என்ன பிரயோசனம்? அவர் 70 ஆயிரம் போனை வாங்குவதே லாபம்.

இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. இந்த 7 ஆண்டு, நீங்கள் வாங்கிய நாளில் இருந்து ஆரம்பிப்பதில்லை! போன் முதன் முதலில் வெளிவந்த நாளில் இருந்து கணக்கு. 2024 ஆகஸ்டில் வந்த பிக்சல் 9-ஐ 2026-இல் தள்ளுபடியில் வாங்கினாலும், 2031 ஆகஸ்டில் கெடு முடிந்துவிடும். தள்ளுபடி என்று குதிக்கும் முன், போன ஆண்டுகளைக் கழித்துவிட்டு விலையை வகுத்துப் பாருங்கள்.

பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. பிக்சல் 9-இன் பேட்டரி சுமார் ஆயிரம் முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கும் வரை 80 சதவிகிதச் சக்தியைக் காக்கும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. தினம் ஒரு முறை என்றால் மூன்று வருஷத்தில் ஆயிரம் ஆகிவிடும். ஆகவே ஏழு வருஷத்தில் ஒரு முறையாவது பேட்டரி மாற்ற வேண்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனி ஆனாலும் இந்தச் செலவு உண்டு. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கரூரில் இருப்பவர் பேட்டரி மாற்றக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற வேண்டும் என்றால், அந்தச் செலவும் போனின் விலைதான்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. உங்கள் பழைய போனுக்கு மென்பொருள் இன்னும் வருகிறதா? பேட்டரி மட்டும்தான் சரியில்லையா? அப்படியானால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாயில் விஷயம் முடிந்துவிடலாம்!

பழைய போனில் தங்கிவிடும் பொருள்கள்

கடைக்காரர் சொல்லாத சங்கதி இது.

சாம்சங்கில் இருந்து சாம்சங்குக்குப் போனால் பெரும்பாலான பொருள்கள் கூடவே வந்துவிடும். கம்பெனி மாறினால் படம், பாட்டு, எண்கள் வரும். சில வராது.

"செக்யூர் ஃபோல்டர்" என்று சாம்சங்கில் ஒரு பூட்டிய அறை உண்டு. பலர் அதில் ஆதார், பத்திரம், பேங்க் பாஸ்புக் முதலியவற்றின் படங்களைப் போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். வேறு கம்பெனிப் போனுக்கு அந்த அறை வராது! நீங்களேதான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மாற்ற வேண்டும். மறந்துபோய்ப் பழைய போனை அழித்துவிட்டால் அதோடு போச்சு. "சாம்சங் நோட்ஸ்" குறிப்பேட்டில் எழுதியவற்றை பி.டி.எஃப். ஆக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். "சாம்சங் பாஸ்" காப்பாற்றி வைத்த கடவுச்சொற்களும் மற்ற போனில் திறக்காது. அவற்றைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில்தான் பலர் அழுகிறார்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் பிரதியைக் கூகுள் கணக்கில் வைக்கிறது. முன்பெல்லாம் அதற்கு இடக் கணக்கு இல்லை. 2024 முதல், கூகுள் இனாமாகக் கொடுக்கும் 15 ஜி.பி.க்குள்தான் அதுவும் அடங்க வேண்டும். உங்கள் படங்களும் கடிதங்களும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால், வாட்ஸ்அப் பிரதி எடுப்பது நின்றுவிடும். இது பலருக்குத் தெரிவதே இல்லை. காலமான அப்பாவின் குரல் பதிவு ஒன்று அதில் இருக்கிறது என்று வையுங்கள். எந்தக் கடையில் போய் அதை வாங்குவது? ஆகவே, மாற்றும் முன் வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் கடைசிப் பிரதி எடுத்த தேதியைப் பாருங்கள். பழைய தேதியாக இருந்தால், இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்து, க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டி நேரடியாக மாற்றிக்கொள்ளும் வசதி 2023 முதல் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலிகளைப் புதுப் போனில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். சிம் அந்தப் போனில் இருக்க வேண்டும். அதில் இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குப் பெரிய தொகை அனுப்ப முடியாதபடி வரம்பும் வைத்திருக்கிறார்கள். திருடனைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிற நாளில் போனை மாற்றினால் நீங்கள்தான் திண்டாடுவீர்கள்!

கையில் கட்டிய கடிகாரம்

சாம்சங் கடிகாரம் கட்டியிருக்கிறீர்களா? அது மற்ற ஆண்ட்ராய்டு போனோடும் சேரும். மணி காட்டும், நடையை எண்ணும், நாடித்துடிப்பைச் சொல்லும். ஆனால் இருதயத்தின் ஈ.சி.ஜி. எடுப்பதும், ரத்த அழுத்தம் பார்ப்பதும் சாம்சங் போனோடு சேர்ந்தால்தான் நடக்கும்.

டாக்டர் சொல்லி, வீட்டில் பெரியவர் ஒருவர் இதற்காகவே அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருக்கலாம். அவருடைய போனை மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றாதீர்கள். பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த பரிசு, இருக்கிற வசதியைப் பறித்ததாகிவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது?

காலையில் வெளியே கிளம்பி ராத்திரி வீடு திரும்புகிறவர், சார்ஜ் போட வழி இல்லாதவர், மூன்று நான்கு வருஷத்தில் போன் மாற்றுகிறவர் தாராளமாக ஒன்பிளஸுக்குப் போகலாம். 2025 நவம்பரில் வந்த ஒன்பிளஸ் 15-இல் பேட்டரியை 7,300 ஆக்கிவிட்டார்கள். விலை 72,999 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, படம்தான் பிரதானம், ஊரில் சர்வீஸ் சென்டரும் உண்டு என்றால் பிக்சல். அதிலும் 9-ஐ விட்டு 10-ஐ வாங்குவதே சரி.

சாம்சங் கடிகாரம் உள்ளவரும், பூட்டிய அறையில் நிறையச் சேர்த்து வைத்தவரும், ஏழு வருஷம் ஒரே போனில் ஓட்டுகிறவரும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இந்த மூன்றும் இல்லாமல், "பழகிவிட்டது" என்ற ஒரே காரணத்துக்காகச் சாம்சங்கிலேயே இருப்பவர் துணிந்து மாறலாம். பழக்கம் பதினைந்து நாளில் வந்துவிடும்.

அந்தப் பதினைந்து நாளும் பழைய போனை விற்காமல் வீட்டிலேயே வைத்திருங்கள். எக்ஸ்சேஞ்சில் இரண்டாயிரம் கூடத் தருகிறேன் என்று கடைக்காரர் அவசரப்படுத்தினால், "அடுத்த வாரம் வருகிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எல்லாப் படமும் வந்துவிட்டதா, எல்லாப் பேங்க் செயலியும் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு பழைய போனில் இருந்து உங்கள் கூகுள் கணக்கை நீக்கி, அப்புறம் முழுதாக அழித்துக் கொடுங்கள். கணக்கை நீக்காமல் கொடுத்தால், வாங்கியவர் போனைத் திறக்கும்போது அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடும்!